மிளகாய் உடம்புக்கு நல்லதா, கெட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வயிறு எரிந்தால் முதலில் தண்டனை மிளகாய்க்குத்தான். ரசத்தில் வற்றல் போகும், சாம்பாரில் தூள் பாதியாகும், மோர் மிளகாய் டப்பா மேல் அலமாரிக்கு ஏறும். இரண்டு வருடம் இப்படிப் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டும் எரிச்சல் போகவில்லை. மூட்டு வலிக்காக அவர் தினமும் போட்டுவந்த மாத்திரைதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து மிளகாயைப் பற்றி எது கிடைத்தாலும் படித்துவருகிறேன். சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

மிளகாயில் காரத்தைக் கொடுப்பது எது?

கேப்சைசின் என்ற பொருள். அதோடு டைஹைட்ரோகேப்சைசின் என்ற அதன் உடன்பிறப்பும் சேர்ந்தால் ஒரு மிளகாயின் காரத்தில் பெரும்பகுதி வந்துவிடும். இன்னும் சில சின்ன உறவுகளும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து கேப்சைசினாய்டுகள் என்கிறார்கள். 1816இல் புக்கோல்ஸ் என்ற ஜெர்மானியர் இதை முழுத் தூய்மை இல்லாத நிலையில் பிரித்தெடுத்தார். 1876இல் த்ரெஷ் என்ற ஆங்கிலேயர் தூய படிகமாக எடுத்துப் பெயர் வைத்தார். தனியாகப் பார்த்தால் அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. எண்ணெயிலும் கொழுப்பிலும் நன்றாகக் கரையும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

காரம் விதையில்தானே இருக்கிறது?

இல்லை. காயைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக ஒரு நரம்பு ஓடும், விதைகள் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். கேப்சைசின் உருவாவது அந்த வெள்ளைப் பகுதியில். விதை அதை உரசிக்கொண்டிருப்பதால் அதன் மேல் காரம் பூசிக்கொள்கிறது. காரம் குறைய வேண்டுமென்றால் விதையை மட்டும் தட்டிவிட்டால் போதாது, அந்த வெள்ளை நரம்பையும் சுரண்டி எடுக்க வேண்டும். குடைமிளகாய் கேப்சைசின் உண்டாக்கும் திறனை இழந்த வகை. அதனால்தான் அதை நறுக்கிப் பச்சையாகவே சாப்பிட முடிகிறது.

காரம் பட்டதும் எரிகிறதே, நாக்கு வெந்துபோகிறதா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மிளகாயைப் பற்றிய பாதி பயம் போய்விடும்.

நம் நரம்பு நுனிகளில் சூட்டை உணரும் ஒரு வாயில், கதவு மாதிரி ஒன்று, இருக்கிறது. டிஆர்பிவி1 என்பது அதன் பெயர். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது திறந்துகொண்டு, 'சுடுகிறது, கையை எடு' என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். கேப்சைசின் போய் அதே வாயிலில் ஒட்டிக்கொண்டு அதைத் திறந்துவிடுகிறது. சூடு எதுவும் இல்லை, ஆனால் மூளைக்குப் போகும் செய்தி சூடு பட்டபோது போகும் அதே செய்திதான். மூளையும் அதை நம்பி வியர்க்க வைக்கிறது, கண்ணிலும் மூக்கிலும் நீர் வரவழைக்கிறது, முகத்தைச் சிவக்க வைக்கிறது. எல்லாமே உடம்பைக் குளிர்விக்கவும், பட்டதைக் கழுவி வெளியேற்றவும் செய்யும் வேலைகள். ஆனால் நாக்கு வேகவில்லை. சாப்பாட்டில் போடும் அளவு மிளகாயில் திசு கருகுவதும் இல்லை.

அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் இந்த வாயிலைக் கண்டுபிடித்தது 1997இல். மிளகாய் எரிவது ஏன் என்ற எளிய கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் போனார்கள். அந்த வழியில் வெப்பத்தையும் வலியையும் உடம்பு உணரும் விதம் பிடிபட்டது. தொடுதல் பற்றி ஆராய்ந்த ஆர்டெம் பட்டாபூட்டியனோடு சேர்ந்து 2021இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. புதினா நாக்கில் சில்லென்று இருப்பதும் இதே மாதிரிதான், அது தட்டுவது குளிர்ச்சிக்கான வேறொரு வாயிலை.

ஆறு சுவையில் கார்ப்பு ஒன்று என்று நாம் படித்திருக்கிறோம். சாப்பாட்டைப் பொருத்தவரை அந்தக் கணக்கு சரிதான். உடலியல் கணக்கில் காரம் நாக்கின் சுவை மொட்டுகள் வழியாக வருவதில்லை, வலியும் சூடும் போகும் நரம்பில் போகிறது. அதனால்தான் கண்ணிலும் கையிலும் பட்டால்கூட எரிகிறது. இனிப்பைக் கையில் தேய்த்தால் இனிக்காது.

காரமாகச் சாப்பிட்ட கையோடு சூடாக டீ குடித்தால் ஏன் உயிர் போகிறது என்பதும் இப்போது புரியும். கேப்சைசின் ஒட்டியிருக்கும்போது அந்த வாயில் குறைந்த சூட்டுக்கே திறந்துகொள்ளும்.

கிளி பழுத்த மிளகாயை அலட்சியமாகக் கொத்தித் தின்கிறதே?

பறவைகளுக்கும் அந்த வாயில் உண்டு, ஆனால் கேப்சைசின் அதில் ஒட்டாது. அவற்றுக்கு மிளகாய் இன்னொரு பழம், அவ்வளவுதான். செடிக்கும் இதில் லாபம் இருக்கிறது. பறவை விதையை மெல்லாமல் விழுங்கித் தூரமாகக் கொண்டுபோய் எச்சத்தில் போடும், அது முளைக்கும். எலி போன்ற பாலூட்டிகள் கடித்து நொறுக்கிவிடும். பொலிவியாவில் காட்டு மிளகாய்களை ஆராய்ந்தபோது, காரமுள்ள காய்களில் விதையை அழிக்கும் பூஞ்சையும் குறைவாக இருந்தது. ஆக, இந்தக் காரம் செடி தன் விதைக்குப் போட்ட காவல்.

தண்ணீர் குடித்தும் எரிச்சல் அடங்கவில்லையே?

தண்ணீரில் கரையாத பொருளைத் தண்ணீரால் கழுவ முடியாது, வாய் முழுக்கப் பரப்பத்தான் முடியும். பால், தயிர், மோர் நல்லவை. பாலிலுள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. ஆடை நீக்கிய பால்கூட நன்றாக வேலை செய்கிறது. ஒரு வாய் சர்க்கரையும் உதவும். கடைசியில் தயிர் சாதம் சாப்பிடும் நம் வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

மிளகாய் சாப்பிட்டால் அல்சர் வருமா?

வராது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. இதைக் கண்டறிந்த பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர்களுக்கு 2005இல் நோபல் பரிசு தந்தார்கள். இன்னொன்று ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்குவது.

1988இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான சிலருக்கு ஒருமுறை சப்பென்ற சாப்பாடு, ஒருமுறை அதோடு ஆஸ்பிரின், ஒருமுறை ஜலபீனோ மிளகாய் போட்ட காரச் சாப்பாடு கொடுத்து, எண்டோஸ்கோப்பி வழியாக வயிற்றுக்குள் பார்த்தார்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டபோது இரைப்பைச் சுவர் புண்பட்டது. காரத்தால் கண்ணுக்குத் தெரியும் சேதம் இல்லை. 1995இல் சிங்கப்பூரில் வந்த ஓர் ஆய்வில், அல்சர் வந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் மிளகாய் சாப்பிட்டிருந்தார்கள். இதை வைத்து மிளகாய் அல்சருக்கு மருந்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பழியை அதன் மேல் போடவும் முடியாது.

அப்படியென்றால் அல்சர் இருப்பவருக்கு ஏன் காரம் ஒத்துக்கொள்வதில்லை? இரைப்பையிலும் அதே வாயில்கள் இருக்கின்றன. ஏற்கெனவே புண்பட்ட இடத்தில் காரம் பட்டால் எரிச்சல் தெரியும். எரிச்சல் வேறு, புண் வேறு. புண் ஆறும்வரை காரத்தைக் குறையுங்கள், நல்லதுதான். அதோடு நிறுத்திவிட்டு கிருமிப் பரிசோதனை செய்யாமல் இருப்பதுதான் ஆபத்து. கிருமி இருந்தால் இரண்டு வார அளவிலான மருந்தில் பெரும்பாலும் தீரக்கூடிய நோயை, வருடக்கணக்கில் பத்தியச் சாப்பாட்டோடு இழுத்துக்கொண்டு போகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வாந்தியில் ரத்தம், மலம் தார் போலக் கறுப்பு, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

அப்போது யார்தான் காரத்தைக் குறைக்க வேண்டும்?

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள். அமிலம் மேலே ஏறி உணவுக்குழாய் ஏற்கெனவே ரணமாகியிருந்தால் காரம் அதைக் கிளறும், இரவுச் சாப்பாட்டில் காரமாகத் தின்றுவிட்டு உடனே படுத்தால் இன்னும் மோசம். குடல் எரிச்சல் நோய், அதாவது ஐபிஎஸ் உள்ளவர்களுக்கும் வயிற்று வலி கூடலாம். ஆசனவாயில் வெடிப்பு இருந்தால் அது ஆறும்வரை காரத்தை விடுங்கள். கேப்சைசின் முழுதும் செரிக்காமல் கடைசிவரை போகிறது, அங்கேயும் அந்த வாயில் இருக்கிறது. மறுநாள் காலையில் எரிவது அதனால்தான். மூலம் வந்ததற்கே மிளகாய்தான் காரணம் என்பார்கள். மலச்சிக்கலும் முக்குவதும்தான் அங்கே பெரிய காரணங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் சாப்பிடுவதைவிட வறுக்கும்போது கவனமாக இருக்க வேண்டும். வற்றல் கருகும் நெடி மூச்சுக்குழாயில் இறங்கினால் யாருக்கும் இருமல் வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வறுக்கும்போது கொஞ்சம் கல் உப்பு போடும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு.

பச்சை மிளகாயா, வற்றலா, எதில் சத்து அதிகம்?

இரண்டிலும் வேறு வேறு சத்து. பச்சை மிளகாயில் 100 கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சுப் பழத்தைவிட அதிகம். ஆனால் யாரும் 100 கிராம் மிளகாய் தின்பதில்லை. பழைய சோற்றோடு 5 கிராம் எடையுள்ள ஒரு காயைக் கடித்தால் ஏழெட்டு மில்லிகிராம் கிடைக்கும், பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவையில் பத்தில் ஒரு பங்கு. வேகவைத்தால் அதிலும் குறையும், வெயிலில் காய்ந்த வற்றலில் பெரும்பகுதி போய்விடும்.

வைட்டமின் சி கதையிலேயே மிளகாய்க்கு ஒரு பெரிய இடம் உண்டு. ஹங்கேரியின் செகெத் நகரில் 1930களில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி அந்த வைட்டமினைப் போதிய அளவு சேகரிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். ஒருநாள் இரவு அவர் மனைவி பாப்ரிகா மிளகாயைச் சாப்பாட்டில் வைத்தாராம். சாப்பிடப் பிடிக்காமல் அதை ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஊர் முழுக்க விளைந்த அந்தப் பழத்திலிருந்து கிலோக்கணக்கில் வைட்டமின் எடுத்தார். 1937இல் நோபல் பரிசு பெற்றார்.

பழுத்த மிளகாயும் வற்றலும் வேறு விதத்தில் பணக்காரர்கள். காய் சிவக்கும்போது கேப்சாந்தின், கேப்சோரூபின் என்ற சிவப்பு நிறமிகள் கூடுகின்றன, கூடவே பீட்டா கரோட்டினும் இருக்கிறது. உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வது பீட்டா கரோட்டினைத்தான், கேப்சாந்தினை அப்படி மாற்ற முடியாது. இவை எல்லாமே எண்ணெயில் கரைபவை. தாளிக்கும்போது எண்ணெய் சிவந்து வருவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த நிறமிகள் வெளியே வருவதுதான் அது. கொஞ்சம் எண்ணெயோடு சேர்ந்தால்தான் குடலும் அவற்றை நன்றாக உறிஞ்சும். குவர்செட்டின், லூட்டியோலின் போன்ற ஃப்ளேவனாய்டுகள் என்ற தாவரப் பொருட்களும் மிளகாயில் உண்டு. சோதனைக்குழாயில் இவை செய்யும் நன்மைகளைப் பெரிதாக எழுதுவார்கள். நாம் சாப்பிடும் அளவுக்கு அவ்வளவு பெருமை பேச வேண்டியதில்லை.

நல்ல சிவப்பாக இருந்தால் காரமும் அதிகமா?

தொடர்பே இல்லை. கர்நாடகத்து பேடகி மிளகாய் ரத்தச் சிவப்பு, காரம் குறைவு. நிறத்துக்காகவே அதை வாங்குகிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய், நம் கடைகளில் குண்டு மிளகாய் என்று கேட்டு வாங்குவது, உருண்டையாகத் தடித்த தோலோடு இருக்கும். கன்னியாகுமரிப் பக்கத்துக் காந்தாரி விரல் நுனி அளவுதான், காரத்தில் இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஒரே செடியில் பறித்த இரண்டு காய்கள்கூட ஒன்றுபோல் இருக்காது. தண்ணீர் பற்றாக்குறையில் வாடிய செடியில் காரம் ஏறுவதும் உண்டு.

காரத்தை அளக்க 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர் ஒரு முறை கொண்டுவந்தார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்துகொண்டே போய், நாக்குக்குக் காரம் தெரியாமல் போகும்போது எத்தனை மடங்கு கலந்தோம் என்று கணக்கிட வேண்டும். இப்போது கருவியில் அளந்து அதே ஸ்கோவில் அலகில் சொல்கிறார்கள். தூய கேப்சைசினுக்கு 1 கோடியே 60 லட்சம். வடகிழக்கு மாநிலங்களின் பூத் ஜோலோக்கியா மிளகாய் 10 லட்சத்தைத் தாண்டி 2007இல் கின்னஸில் இடம்பிடித்தது.

மிளகாய் சாப்பிட்டால் ஆயுள் கூடுமா?

இப்படித் தலைப்புப் போட்ட செய்திகள் இரண்டு பெரிய ஆய்வுகளிலிருந்து வந்தவை. சீனாவில் சுமார் 4 லட்சத்து 87 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2015இல் வெளியிட்டார்கள். வாரத்தில் ஆறேழு நாள் காரமாகச் சாப்பிட்டவர்களிடம், எப்போதாவது சாப்பிட்டவர்களைவிட இறப்பு 14 சதவீதம் குறைவு. 2019இல் இத்தாலியில் சுமார் 22,800 பேரிடம் செய்த ஆய்வில் வாரம் நான்கு தடவைக்கு மேல் மிளகாய் சாப்பிட்டவர்களிடம் 23 சதவீதம் குறைவு.

எண்கள் உண்மை. ஆனால் இவை சாப்பிடுகிறவர்களைத் தள்ளி நின்று பார்த்த ஆய்வுகள். மிளகாய் சாப்பிடுகிறவர் கூடவே காய்கறியும் அதிகம் சாப்பிட்டிருக்கலாம், உடம்பு நன்றாக இருப்பதால்தான் காரம் தாங்கியிருக்கலாம். அதையெல்லாம் கணக்கில் கழிக்க முயன்றாலும் முழுதாகக் கழியாது. எதிர்ப் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். சீனாவில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்த வேறோர் ஆய்வில், தினமும் 50 கிராமுக்கு மேல் மிளகாய் சாப்பிட்டவர்களிடம் நினைவாற்றல் வேகமாகக் குறைந்தது. அதையும் இதே நிதானத்தோடுதான் படிக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஆயுளுக்காக யாரும் மிளகாயைக் கூட்ட வேண்டாம். பிடித்துச் சாப்பிடுகிறவர் பயந்து நிறுத்தவும் வேண்டாம்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மிளகாயைவிட அதன் கூட வரும் உப்பைப் பாருங்கள். ஊறுகாயும் மோர் மிளகாயும் உப்பில் ஊறியவை.

எடை குறையுமா?

கேப்சைசின் உடம்பு எரிக்கும் சக்தியைக் கொஞ்சம் கூட்டுகிறது, பசியையும் சிலருக்குச் சற்றுக் குறைக்கிறது. இரண்டும் மிகச் சிறிய அளவு. காரம் சாப்பிட்டுவிட்டு ஒரு தோசை கூடப் போட்டுக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். இதற்கென்று விற்கும் மாத்திரைகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

வலிக்கு மிளகாயில் மருந்து இருக்கிறதாமே?

இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எரிச்சலைக் கொடுக்கும் பொருளே எரிச்சலை அடக்குகிறது.

மேலே சொன்ன டிஆர்பிவி1 வாயில் நிறைய நேரம் திறந்தே கிடந்தால் அந்த நரம்பு நுனி ஓய்ந்துபோகும், கொஞ்ச காலம் வேறு வலியையும் சொல்லாது. தினமும் காரம் சாப்பிடுகிறவருக்குப் போகப்போக எரிச்சல் குறைவாகத் தெரிவதும் இதனால்தான். செகெத் நகரிலேயே மிக்லோஷ் யான்சோ என்ற மருந்தியல் அறிஞர் 1940களில் இதைக் கவனித்தார். இன்று 0.025 முதல் 0.075 சதவீதம் வரை கேப்சைசின் உள்ள களிம்புகள் மூட்டுத் தேய்மான வலிக்கும் நரம்பு வலிக்கும் தரப்படுகின்றன. ஒருநாள் தடவினால் பலன் இல்லை, தினம் மூன்று நான்கு முறை சில வாரங்கள் தொடர வேண்டும். முதல் நாட்களில் எரியும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

8 சதவீத ஒட்டுப்பட்டையும் உண்டு. அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில் விடாத நரம்பு வலிக்கு அமெரிக்காவில் 2009இலும், சர்க்கரை நோயால் பாதத்தில் வரும் நரம்பு வலிக்கு 2020இலும் அனுமதி கிடைத்தது. மருத்துவமனையில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஒட்டி எடுத்துவிடுவார்கள். தோலிலுள்ள நரம்பு நுனிகள் தற்காலிகமாகப் பின்வாங்கிவிடும், ஒருமுறை ஒட்டினால் சிலருக்கு மூன்று மாதம் வரை வலி தணிகிறது. அக்கி வலியில் சட்டை உரசினாலே துடிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வீட்டில் மிளகாயை அரைத்துப் பூச வேண்டாம். அளவு தெரியாத காரம் தோலைக் கொப்புளமாக்கும். சர்க்கரை நோயாளியின் உணர்வற்ற காலில் அது புண்ணாகும்வரை தெரியவே தெரியாது.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாப்பிடலாமா?

கர்ப்பிணிகள் வழக்கமாகச் சாப்பிடும் அளவில் சாப்பிடலாம், குழந்தைக்குக் கெடுதல் இல்லை. கடைசி மாதங்களில் நெஞ்செரிச்சல் இயல்பாகவே வரும், அப்போது குறைத்துக்கொண்டால் நிம்மதி. கைக்குழந்தைகளுக்குக் காரம் வேண்டாம். வளரும் பிள்ளைகள் தாங்களாகவே பழகட்டும், அழ அழ ஊட்ட வேண்டாம்.

போட்டி வைத்து மிகக் காரமாகச் சாப்பிடுகிறார்களே, அது ஆபத்தா?

ஆபத்துதான். மேலே சொன்ன ஆறுதல் எல்லாம் சாப்பாட்டு அளவுக்கு மட்டுமே பொருந்தும். 2023இல் அமெரிக்காவில் மிகக் காரமான ஒற்றைச் சிப்ஸ் தின்னும் சவாலை ஏற்ற 14 வயதுப் பையன் இறந்துபோனான். அதிக அளவு கேப்சைசின் உட்கொண்ட பின் இதயமும் மூச்சும் நின்றதாகப் பிரேதப் பரிசோதனை சொன்னது, அவனுக்கு இதயத்தில் கோளாறும் இருந்தது. உலக அளவில் காரமான மிளகாய் ஒன்றைப் போட்டியில் தின்றவருக்கு மூளை ரத்தக் குழாய்கள் சுருங்கித் தாங்க முடியாத தலைவலி வந்ததும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பிள்ளைகள் கைபேசியில் இந்தச் சவால்களைப் பார்க்கிறார்கள் என்றால் உட்காரவைத்துப் பேசுங்கள்.

புற்றுநோய் வரும் என்கிறார்களே?

ஆய்வுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அளவோடு சாப்பிடும் மிளகாய் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. நான் கவலைப்படுவது மிளகாயில் ஏறிக்கொள்ளும் இரண்டு விஷயங்களுக்காக.

ஒன்று பூஞ்சை. சரியாகக் காயாத வற்றலிலும் பனியில் நனைந்த வற்றலிலும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை விடுகிறது. அது கல்லீரல் புற்றுநோயோடு நேரடியாகத் தொடர்புள்ளது, வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் முழுதாக அழியாது. வற்றலைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே கறுப்பாகவோ சாம்பல் பூத்தோ இருந்தால் அதைக் கழுவிக் காயவைக்க நினைக்காமல் தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்று சாயம். சூடான் என்பது மெழுகுக்கும் பாலிஷுக்கும் போடும் சிவப்புச் சாயம், உணவில் சேர்க்கத் தடை உள்ளது. இந்தியாவிலிருந்து போன மிளகாய்த் தூளில் அது இருந்ததை 2003இல் ஐரோப்பாவில் கண்டுபிடித்தார்கள். 2005இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தூளைத் தூவி நிறம் கோடாக இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனையில் தண்ணீரில் கரையும் சாயம் மாட்டும், அடியில் தங்கியதைத் தேய்த்தால் செங்கல் தூள் நறநறவென்று தெரியும். சூடான் எண்ணெயில் கரைவது, இந்தச் சோதனையில் தப்பித்துவிடும். அதனால்தான் முடிந்தவர்கள் வற்றலாக வாங்கி, காம்பு கிள்ளி, ஒருநாள் வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

மிளகாய் நறுக்கிய கை எரிகிறது, என்ன செய்வது?

முதலில் தண்ணீரில் கை வைக்காதீர்கள், வெந்நீர் கூடவே கூடாது. சமையல் எண்ணெய் எதுவானாலும் கொஞ்சம் ஊற்றி விரல் இடுக்கெல்லாம் நன்றாகத் தேயுங்கள், துணியால் துடையுங்கள், அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். இரண்டு முறை செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மிச்சம் எரிந்தால் குளிர்ந்த தயிரில் கையை வைத்திருங்கள். கண்ணில் பட்டுவிட்டால் எண்ணெய் வேண்டாம். சுத்தமான தண்ணீரைக் கொட்டிக் கொட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அதற்குப் பிறகும் எரிச்சலோ மங்கலோ இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மிளகாய் நறுக்கும் வேலையைக் கையுறையோடு செய்யுங்கள், ஏனென்றால் கழுவிய பிறகும் நகக்கண்ணில் கொஞ்சம் காரம் மாலைவரை தங்கியிருக்கும்.